பீரங்கி முனிக்கு முன்னால் ஒரு முகூர்த்தம்

என் கல்யாணத்தன்று காலை நான் தலையில் மண்கூடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

கூடையில் மேலாக ஒரு பிடி செம்மண். அதற்குக் கீழே சாக்கு. சாக்குக்குக் கீழே தேங்காய், வெற்றிலை பாக்கு, இரண்டு மாலை, மஞ்சள் தடவிய தாலிக்கயிறு. கூறைச் சேலைக்கு மேலே அம்மாவின் பழைய கைலியை இறுக்கிச் சுற்றியிருந்தேன். மெர்சிங் வெயில் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேர்வை முதுகில் ஓடையாக ஓடியது.

ஐந்தாறு அடி தள்ளி மாப்பிள்ளை நின்றார், கையில் கோடரி. அவருக்குப் பக்கத்தில் என் வருங்கால மாமியார், கையில் மண்வெட்டி. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தால், மண்வெட்டியை யார் தலையில் போடலாம் என்று யோசிப்பது போலத் தெரிந்தது.

புதிதாகக் கட்டிய கோட்டைக்குள், எங்களுக்கு எதிரே, லண்டனிலிருந்து வந்த பெரிய துரையும் அவர் மனைவியும் நின்றார்கள். ஆதிகாலத்தில் காட்டை வெட்டித் தோட்டம் போட வந்த கூலிகள் இப்படித்தான் இருந்தார்கள் என்று எங்கள் துரை எங்களைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தம்மா எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். நாங்களும் ஆட்டினோம்.

இது என்ன கல்யாணம், யாருக்குப் பயந்து இந்த வேஷம் என்று கேட்பீர்கள். பயமெல்லாம் இல்லை, பிடிவாதம். அது புரிய வேண்டுமானால் கோட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

யாரையும் சுடாத பீரங்கி

எங்கள் தோட்டம் மெர்சிங் பக்கம், ஆற்றோரமாக இருந்தது. அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. எங்களுக்கு அது கோட்டைமேட்டுத் தோட்டம்.

ரோடு இல்லாத காலத்தில் முதல் துரை கடல் வழியாகப் படகில் வந்து இறங்கினாராம். இறங்கியவர் வீடு கட்டவில்லை, கிடங்கு கட்டவில்லை. ஆற்றைப் பார்த்த மேட்டில் தடித்த மரங்களை வரிசையாக நட்டு, மண்ணை அணைத்து, நாலு மூலையிலும் பரண் போட்டு ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். யாரோ படகுக்காரனிடம் ஒரு சின்ன வெண்கலப் பீரங்கியும் வாங்கி மேலே வைத்தார்.

கடற்கொள்ளைக்காரர்களுக்காகக் கட்டினார் என்று ஒரு பேச்சு. புலிக்காகக் கட்டினார் என்று இன்னொரு பேச்சு. ஆற்றுக்கு அக்கரையில் கம்பத்தில், அவர்கள் கிராமத்தில், இருந்த மலாய்க்காரர்கள் வேறு சொன்னார்கள்: மனுஷனுக்குத் தனியாகத் தூங்கப் பயம், அவ்வளவுதானாம்.

கொள்ளைக்காரன் கடைசிவரை வரவில்லை. புலி ஒரு தரம் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்வி. அதற்குள் ரப்பர் மரம் வளர்ந்துவிட்டது. துரை பங்களா கட்டிக்கொண்டு மேலே போய்விட்டார். கோட்டையைக் கறையான் தின்றது, மிச்சத்தை லாலாங் புல் மூடியது. பரண் இற்று விழுந்தபோது பீரங்கி தலைகுப்புற விழுந்து, வாய் மண்ணுக்குள் புதைந்து, பின்பக்கம் மேலே தூக்கியபடி சாய்ந்து நின்றது.

நம்மவர்கள் புல் வெட்டப் போனபோது கண்டது அதைத்தான். பச்சை பிடித்த ஒரு குமிழ், தலை மாதிரி. அதற்குக் கீழே கழுத்து. கழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் குழி, குழிக்கு நடுவில் ஒரு ஓட்டை. உடனே தேங்காய் உடைத்து, குமிழில் சிவப்புத் துணி கட்டி, பீரங்கி முனி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பீரங்கி என்று தெரியாமல் கும்பிட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தெரியாமல் என்ன, பெயரிலேயே பீரங்கி இருக்கிறதே. சுடத் தெரிந்தும் ஒருத்தரையும் சுடாமல் நின்றது அது ஒன்றுதான் அந்தத் தோட்டத்தில். அதைக் கும்பிடாமல் துரையையா கும்பிடுவது?

முனிக்கு ஒரு முறை உண்டு. அந்த ஓட்டைதான் முனியின் காது. வேண்டுதல் உள்ளவர்கள் குனிந்து அதில் வாயை வைத்துச் சொல்ல வேண்டும். பிறகு காதுக் குழியில் ஒரு கட்டி சூடம் வைத்துக் கொளுத்த வேண்டும். சூடம் எரிந்தால் முனி கேட்டுக்கொண்டார் என்று அர்த்தம். மழைக்காலத்தில் அவர் கொஞ்சம் கேட்கமாட்டார்.

மாமாவுக்கும் எனக்கும் ஒரே பயம்

எனக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து கண் சொருகிவிட்டதாம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, முனியின் காதில் சொன்னாள்: "இவளைக் காப்பாத்து. உன் முன்னாலதான் இவளுக்குத் தாலி கட்ட வைப்பேன்."

நான் பிழைத்துக்கொண்டேன். அப்பா பிழைக்கவில்லை. மறு வருஷமே அதே காய்ச்சலில் போய்விட்டார். அதனால் அம்மாவுக்கு அந்த வேண்டுதல் சும்மா வேண்டுதல் இல்லை. அதை மாற்றினால் முனி என்னையும் எடுத்துக்கொள்வார் என்று அவள் நிஜமாகவே நடுங்கினாள்.

முனிக்குப் பூசாரி என் தாய்மாமன். அம்மாவின் தம்பி, பெண்டாட்டியை இழந்தவர், நாற்பது வயது. ஒரு கையில் சூடத்தட்டு, மறு கையில் மூக்குப்பொடி டப்பா. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியில் நல்ல இடம் அமையாவிட்டால் பெண்ணுக்குத் தாய்மாமன் இருக்கிறான். அம்மா அதை மாதம் ஒரு தரமாவது சொல்வாள்.

"அக்கா, இவ வாய்க்கு நான் எங்க ஈடு கொடுக்கிறது? எனக்கு முனி ஒருத்தரே போதும்" என்பார் மாமா. என்னைக் கட்டிக்கொள்ள அவருக்கு எவ்வளவு பயமோ, அவரைக் கட்டிக்கொள்ள எனக்கும் அவ்வளவு பயம். வேறு எதிலும் நாங்கள் ஒத்துப்போனதில்லை.

இந்த நேரத்தில்தான் பெக்கோக்கிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் செல்லையா, அங்கே ஒரு தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டினார். தாயார் கேள்விமேல் கேள்வி கேட்டார். இவர் தலையே நிமிரவில்லை. ஆள் எப்படி என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அவர் தட்டில் வைத்த வடைக்குள் மட்டும் நாலைந்து சிலிபாடி மிளகாயைத் திணித்து வைத்தேன்.

கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஏன்டா அழுவுற?" என்றார் தாயார்.

"ஒண்ணும் இல்லம்மா. வடை நல்லா இருக்கு" என்றவர், என்னைப் பார்த்து முதல் தடவையாக நிமிர்ந்து, "இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்துவிட்டது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம் குறித்தார்கள். அதை விட்டால் ஆனி முழுக்க மாப்பிள்ளைக்கு ஒத்துவரவில்லை, அப்புறம் ஆடி. "அவ்வளவு நாள்லாம் எங்களால காத்திருக்க முடியாதுங்க. லாபிஸ்ல ஒரு பொண்ணு சொல்லியிருக்காங்க" என்று மாமியார் ஆரம்பத்திலேயே சொல்லி வைத்துவிட்டார். அந்த முகூர்த்தம் தவறினால் அவருக்கு லாபிஸ் பெண், எனக்கு மாமா.

நின்ற சாமியைப் படுக்க வைத்தார்கள்

முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எங்கள் துரைக்குச் சரித்திர ஆசை வந்தது.

துரை சின்ன வயசுக்காரர், கல்யாணமாகாதவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த தமிழில் மரியாதை மட்டும் கிடையாது, எழுபது வயதுக் கிழவரையும் "நீ வா" என்பார். பங்களாப் பரணில் பழைய கோட்டையின் படம் ஒன்று அகப்பட்டதாம். ரப்பர் விலை விழுந்து கிடந்த நேரம். லண்டனிலிருந்து பெரிய துரை வருகிறார். தோட்டத்தைக் காட்டினால் அழுதுவிடுவார், கோட்டையையாவது காட்டலாம் என்று இவர் நினைத்திருக்க வேண்டும்.

புல் வெட்டினார்கள். புது மரம் நட்டார்கள். கதவு போட்டுப் பெரிய பூட்டும் தொங்கவிட்டார்கள். எல்லாம் சரி. ஒருநாள் காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு நாங்கள் ரப்பர்ப் பால் வெட்டப் போயிருந்த நேரத்தில் முனியையும் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் தோட்டத்துக்குக் காவல் இருந்த ஜாகா, பஞ்சாபிக்காரர், பழைய பட்டாளத்து ஆள், முனியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனையோ வருஷத்து எண்ணெயும் குங்குமமும் கறுப்பாக வழிந்து ஓடுகிறது. மறுநாள் முனி தங்கமாக மின்னிக்கொண்டு, இரண்டு சக்கரம் வைத்த கட்டையில், ஆற்றைப் பார்த்து நீட்டிப் படுத்திருந்தார்.

"நின்ன சாமியைப் படுக்கப் போட்டுட்டானே, பாவி" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

மாமா வேறு கவலையில் இருந்தார். "இனிமே காது வானத்தைப் பார்த்துல்ல இருக்கு. மழை பெஞ்சா உள்ள தண்ணி போயிடும்."

அம்மா தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாரைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். தங்கசாமி கிராணியார் வேதக்காரர், எங்கள் லயத்துக் குடியிருப்புக்கு வேண்டியவர், இங்கிலீஷில் துரையோடு பேசுவார். நானும் பின்னால் போய் நின்றேன்.

"என் பொண்ணு கல்யாணம் முனி முன்னாலதான் நடக்கணும். ஒரு மணி நேரம் கதவைத் தொறந்து விட்டாப் போதும்" என்றாள் அம்மா.

துரை நாளைக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். "அன்னைக்குப் பெரிய துரை வருது. நீ வராதே. மூணு நாள் போனா நீ கல்யாணம் பண்ணு."

"முகூர்த்தம் அன்னைக்குத்தாங்க" என்று கிராணியார் விளக்கினார்.

"மூணு நாள் போனா நல்ல முகூர்த்தம். நான் சொல்லுது" என்றார் துரை, பஞ்சாங்கத்தையே அவர்தான் எழுதினார் என்பது போல.

அம்மா வழி முழுக்க அழுதுகொண்டே வந்தாள். வேறு கோயிலில் கட்டலாம் என்று சொன்னவர்களைத் திட்டினாள். "செத்தாலும் முனிக்குக் கொடுத்த வாக்கை மாத்த மாட்டேன்" என்றாள். சாகப்போவது அவளில்லை, நான். மாமாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

ஆதிகாலத்து ஆட்கள்

வழியைக் காட்டியது துரையேதான்.

வெறும் மரத்தையும் மண்ணையும் காட்டினால் போதுமா? கோட்டைக்குள் ஆதிகாலத்துக் கூலிகள் மாதிரி இருபது பேர் கோடரி, கூடையோடு நிற்க வேண்டும் என்று கிராணியாருக்கு உத்தரவு போட்டார். ஞாயிற்றுக்கிழமை. ஒருத்தரும் வரவில்லை. "எங்களைப் பார்த்தா ஆதிகாலத்து ஆளு மாதிரியா தெரியுது?" என்று பெண்கள் கிராணியாரை விரட்டிவிட்டார்கள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு லயத்தில் வீடு வீடாக அலைந்தார்.

எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் சொன்னேன்: "கிராணியாரே, இருபது பேர் நான் தர்றேன். பொண்ணு வீடு பத்து, மாப்பிள்ளை வீடு பத்து."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அலமாக்! துரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்லா."

"ஆள் கிடைக்கலைன்னாலும் போயிடும். நம்ம துரை பெரிய துரை வாயையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. நாங்க ஓரமா நின்னு கட்டிட்டுக் கிளம்பிடுவோம்."

கிராணியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னைக் கட்டிக்கப் போறவனை நினைச்சாப் பாவமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இருபது பெயரையும் எழுதிக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் குளுவாங் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் முதல் நாளே வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் மாமியார் பட்டுச்சேலையைத் தடவிக்கொண்டு, "எங்க வம்சத்துலயே மண்வெட்டி தூக்கிக் கல்யாணத்துக்குப் போனவங்க இல்ல" என்றார். போன வாரம் வரை பால்வாளி தூக்கியவர்தான். கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு குறை அவருக்குத் தீரவே இல்லை.

"மேளம்கூட இல்லாமக் கல்யாணமா? சாவு வீட்டுலகூட தப்பு அடிக்கிறாங்க."

"மேளம் அடிச்சா துரைக்குத் தெரிஞ்சிடும்மா" என்று மாப்பிள்ளை கெஞ்சினார்.

காலையில் கோட்டை வாசலில் ஜாகா எங்களை எண்ணி உள்ளே விட்டார். என் கூடையை எட்டிப் பார்த்தார். செம்மண்ணைத்தான் பார்த்தார். மாலையின் வாசம் வந்ததோ என்னவோ, மூக்கை உறிஞ்சினார். உள்ளே போ என்று கையைக் காட்டினார்.

சரித்திரம் நீண்டுகொண்டே போனது

இனி தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு வரலாம்.

எங்கள் துரை பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கிராணியார் எங்கள் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கொள்ளைக்காரர்கள் படகு படகாக வந்தார்களாம். முதல் துரை தன்னந்தனியாக இந்தப் பீரங்கியால் அவர்களை விரட்டினாராம்.

"நம்ம முனியா?" என்றாள் அம்மா.

"உஸ். இன்னும் முடியல. இப்பத்தான் புலி வருது."

கிராணியார் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முகூர்த்தம் முடியப் போகிறது. துரையோ இரண்டாவது புலிக்குப் போய்விட்டார். எனக்குப் பின்னால் மாமியார் மண்வெட்டியைத் தரையில் குத்திக்கொண்டு, "லாபிஸ்ல இந்நேரம் சாப்பாடே முடிஞ்சிருக்கும்" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு புலிக்காக என் வாழ்க்கை போக வேண்டுமா? கூடையைக் கீழே வைத்தேன். கைலியை அவிழ்த்துக் காலால் தள்ளினேன். மண்ணைக் கவிழ்த்து மாலையை எடுத்தேன். செல்லையா கோடரியை அப்படியே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாமா, ஆரம்பிங்க" என்றேன்.

மாமாவுக்கு இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாய்ந்து போய் முனியின் காதில் குனிந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பேச்சு முடிந்ததும் பெரிய துரைக்கு மரியாதையாக வெறும் வெடிமருந்து போட்டுப் பீரங்கி வெடிக்க வேண்டும் என்று எங்கள் துரை ஏற்பாடு செய்திருந்தார். ஜாகா விடியற்காலையிலேயே மருந்தைக் கெட்டித்து, காதுக் குழியிலும் ஒரு பிடி போட்டு வைத்திருந்தார். இது எங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமா காதில் கறுப்பாகப் பொடி கிடப்பதைப் பார்த்தார். யாரோ பக்தர் முனிக்கு மூக்குப்பொடி படைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். பிற்பாடு அவரே சொன்னது: ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சியும் பார்த்தாராம். காரம் போதவில்லையாம். அதன்மேலேயே சூடத்தை வைத்தார். தீக்குச்சியைக் கிழித்தார்.

வாசலில் நின்ற ஜாகா அதைப் பார்த்துவிட்டு, "ஜாங்கான்! ஜாங்கான்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். வேண்டாம் என்று மலாயில் கத்துகிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. கல்யாணத்தைத் தடுக்கிறார் என்று புரிந்துகொண்டோம். "சீக்கிரம் கட்டுங்க" என்று நான் கழுத்தை நீட்டினேன். செல்லையா தாலியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டார்.

பீரங்கி வெடித்தது.

கோட்டையே ஒரு குதி குதித்தது. முனி கட்டையோடு பின்னால் ஓடினார். வெள்ளையாகப் புகை வந்து எல்லாரையும் மூடியது. ஆற்றங்கரைக் குரங்குகள் அக்கரைக்கே போய்விட்டிருக்கும். புகைக்குள் என் கழுத்துக்குப் பின்னால் இரண்டு கை மட்டும் நிற்காமல் வேலை செய்தது எனக்குத் தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட வேண்டும். நாத்தனார் தரையில் குப்புறக் கிடந்தாள். மூன்றையும் அவரே போட்டுவிட்டார்.

புகை விலகியது. பெரிய துரை மரச்சுவரின் ஓரத்தில் கவிழ்ந்து படுத்திருந்தார். எங்கள் துரை அவர்மேல் படுத்திருந்தார், காப்பாற்றவா, ஒளியவா என்று தெரியவில்லை. மாமா குனிந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார், புருவம் மட்டும் இல்லை.

முதலில் வாய் திறந்தது என் மாமியார்தான். "இப்படி ஒரு கெட்டிமேளம் பெக்கோக்ல யாருக்கும் அடிச்சதில்ல" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து லாபிஸ் பெண்ணின் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அம்மா முனியின் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அடுத்து அந்த வெள்ளைக்காரம்மா. தொப்பி எங்கேயோ பறந்துவிட்டது, முகமெல்லாம் கரி. கைதட்டிச் சிரித்துக்கொண்டே எங்கள் துரையிடம் ஏதோ கேட்டார். துரை எழுந்து முழங்காலைத் தட்டினார். என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், கிராணியாரை முறைத்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார். வெள்ளைக்காரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

கிராணியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்தக் காலத்துல கூலிங்க வீட்டுக் கல்யாணம்னா முதல் துரை இந்தக் கோட்டையிலதான் நடத்தி வைப்பாராம். தாலி கட்டுற நேரத்துல மரியாதைக்குப் பீரங்கி சுடுவாராம். அதைத்தான் இன்னைக்கு நடத்திக் காட்டினாராம். நம்ம துரை சரியான ஆளுலா."

இப்படித்தான் சரித்திரம் பிறந்தது. போன மாதம் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் பக்கத்து வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை ஒன்று எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது. "பாட்டி, உங்களுக்குத் தெரியுமா? அந்தக் காலத்துத் தோட்டத்துல தொழிலாளர் கல்யாணத்துக்குப் பீரங்கி சுடுவாங்களாம்." அப்படியா கண்ணு என்று கேட்டுக்கொண்டேன்.

துரை பெண் கேட்டு வந்தார்

கல்யாணத்துக்குப் பிறகு செல்லையாவுக்கு எங்கள் தோட்டத்திலேயே வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. ஒரு மகனும் பிறந்தான். அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. முனி படுத்தே கிடந்தார், கோட்டைக் கதவு பூட்டியே கிடந்தது. கதவிடுக்கு வழியாகச் சூடம் காட்டிவிட்டு வருவாள்.

மறு வருஷம் ஒருநாள் காலையில் துரை கிராணியாரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அந்த வெள்ளைக்காரம்மா லண்டன் முழுக்கச் சொல்லிவிட்டாராம். இன்னும் இரண்டு பெரிய துரைமார் கோட்டைக் கல்யாணம் பார்க்க வருகிறார்களாம். லயத்தில் அந்த வருஷம் கல்யாணத்துக்குப் பெண்ணே இல்லை.

"பாக்கியம், நீ மறுபடி கல்யாணம் பண்ணு" என்றார் துரை.

"யாரைங்க?"

துரை என் வீட்டுக்காரரைக் காட்டினார். "இவனைத்தான்."

லயமே கூடிச் சிரித்தது. கட்டின தாலி கழுத்தில் இருக்கும்போது இன்னொன்றா என்று அம்மா பதறினாள். "அறுபதாம் கல்யாணத்துக்கு மறுபடி கட்டலையா? இது இருபத்தொண்ணாம் கல்யாணம்னு வச்சுக்க அக்கா" என்று மாமா அவளை அடக்கினார். புருவம் முளைத்துவிட்டிருந்தது. இந்தத் தடவை சூடத்தைத் தூரத்திலிருந்தே காட்டுவேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

துரை கிராணியாரிடம் ஒரு சொல் கேட்டு வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "உனக்குச் சம்மதமா?" என்றார்.

எனக்குத் திக்கென்றது. முதல் கல்யாணத்துக்கு அம்மா முனியைக் கேட்டாள். மாமா பஞ்சாங்கத்தைக் கேட்டார். மாமியார் என் சமையலைக் கேட்டார். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. நான் சம்மதித்தேனா இல்லையா என்பதே அன்று ஒரு கேள்வியாக இல்லை. இப்போது தோட்டத்துத் துரை என் வாசலில் வந்து நின்று கேட்கிறார்.

"சம்மதந்தான். ஆனா ரெண்டு விஷயம் இருக்குங்க" என்றேன். "அன்னைக்கு ஒரு நாள் பீரங்கி சுட்டுக்குங்க. மறுநாள் காலையில முனி பழையபடி எழுந்து நிக்கணும். கோட்டைக் கதவுல பூட்டு இருக்கக் கூடாது."

"நிக்க வச்சா எப்படிச் சுடுறது?" என்றார் துரை.

"அப்புறம் எதுக்குச் சுடணும்? மேளம் வச்சுக்கலாம்."

துரை கிராணியாரைப் பார்த்தார். கிராணியார் வானத்தைப் பார்த்தார். "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுத் துரை போனார். சொன்னபடி செய்தும் வைத்தார். அம்மா அங்கேயே தரையில் விழுந்து கோட்டை இருந்த திசையைக் கும்பிட்டாள்.

கூட்டம் கலைந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். வண்டிக்குப் போகிற நேரம் தாண்டிவிட்டது.

"என்ன?" என்றேன்.

"துரைக்குச் சொல்லிட்ட. நான் இன்னும் கேக்கவே இல்லியே" என்றார்.

"கேளுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வருஷம் ஒன்று என்னோடு குடித்தனம் நடத்திய மனுஷன், பெண் பார்க்க வந்த அன்று போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"உனக்குச் சம்மதமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மத்தியானம் வரை யோசித்தேன். அவ்வளவு நேரமும் அவர் வண்டி பூட்டாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.